வீட்டுக்காரர் இல்லாத வீடு

நியூயார்க்கில் கூட்டுறவு மாடி வீடுகளைக் கட்டிய ஆபிரகாம் கசானின் கதை

குடித்தனம் இருப்பவனுக்கு மாதம் பிறந்தால் ஒரு கவலை. வாடகை கொடுக்க வேண்டும். கூரை ஒழுகினால் வீட்டுக்காரரிடம் போய் நிற்க வேண்டும். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அவரிடம்தான் போக வேண்டும். அவர் மனம் வைத்தால் ரிப்பேர் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை. வாடகையை உயர்த்துவதும் அவர் இஷ்டம். காலி செய்யச் சொல்வதும் அவர் இஷ்டம்.

வீட்டுக்காரரே இல்லாத வீடு ஒன்று இருந்தால்? குடியிருப்பவர்களே எல்லோரும் சேர்ந்து வீட்டுக்காரராக இருந்தால்?

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால், கூரை ஒழுகும்போது யாரிடம் போய்ச் சொல்வது? ரிப்பேருக்குப் பணம் யார் போடுவது? அடுத்த வீட்டுக்காரன் தன் பங்கைக் கொடுக்காவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஆபிரகாம் கசான். அமெரிக்காவில் கூட்டுறவு வீடுகளின் தந்தை என்று பெயர் பெற்றவர். அவர் முன்னின்று எழுப்பிய மாடி வீடுகள் 30 ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் ஒன்றைக்கூட அவர் லாபத்துக்காகக் கட்டவில்லை.

கப்பலேறிய சிறுவன்

கசான் பிறந்தது 1889-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஊர், அன்றைய ருஷ்ய சாம்ராஜ்யத்தில் கீவ் நகருக்கு அருகே. யூதக் குடும்பம். தந்தை ஒரு பெரிய பண்ணையை மேற்பார்வை பார்த்து வந்தார். நிலம் பிறருடையது, பாடு மட்டும் இவர்களுடையது.

1904-ல் கசான் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 14.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை யூதர்கள் நியூயார்க்கில் போய்ச் சேர்ந்த இடம் லோயர் ஈஸ்ட் சைடு என்ற பகுதி. ஐந்து மாடி, ஆறு மாடிக் கட்டிடங்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. உள் அறைகளுக்கு வெளிச்சமும் கிடையாது, காற்றும் கிடையாது. பல குடும்பங்களுக்குச் சேர்த்து நடைபாதையில் ஒரே கழிப்பறை. பகலில் தையற்கூடத்தில் வேலை செய்தவர்கள், இரவில் அதே தையலை வீட்டுக்கும் கொண்டுவந்து செய்தார்கள். இத்தனைக்கும் வாடகை மட்டும் குறையவில்லை.

கசான் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தாமஸ் ஹேஸ்டி பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பழக்கம் ஏற்பட்டது. பெல் அராஜகவாதி, அரசாங்கமே தேவையில்லை என்ற கொள்கை உடையவர். மக்கள் தங்கள் தேவைகளைத் தாங்களே கூடி நிறைவேற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை இளைஞர் கசான் அவரிடமிருந்து பெற்றார்.

கூட்டுறவு என்பது அப்போது புதிதல்ல. இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் 1844-ம் ஆண்டு 28 தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு சிறு கடை வைத்தார்கள். கலப்படம் இல்லாத சாமான், சரியான எடை, ஆளுக்கு ஒரு ஓட்டு, மீதி வந்த லாபம் வாங்கியவர்களுக்கே என்பது அவர்கள் ஏற்பாடு. உலகெங்கும் அது பரவியது. கசானின் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான்: கடையில் செல்லுகிற ஏற்பாடு வீட்டில் ஏன் செல்லாது?

சர்க்கரையில் தொடங்கியது

முதலில் அவர் கை வைத்தது வீட்டில் அல்ல, சர்க்கரையில்! முதல் உலக யுத்த காலத்தில் நியூயார்க்கில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு. கசான் மொத்தமாகச் சர்க்கரை வாங்கிச் சங்கத்துத் தொழிலாளர்களுக்கு அடக்க விலைக்குக் கிடைக்க வழி செய்தார்.

சங்கம் போராடிக் கூலியை உயர்த்துகிறது. உயர்ந்த கூலியைக் கடைக்காரரும் வீட்டுக்காரரும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆகவே, சம்பாதிக்கும் இடத்தில் மட்டும் சங்கம் இருந்தால் போதாது; செலவழிக்கும் இடத்திலும் இருக்க வேண்டும். கசான் கண்ட உண்மை இது.

பிறகு அவர் அமால்கமேட்டட் ஆடைத் தொழிலாளர் சங்கத்துக்கு மாறினார். அதன் தலைவர் புகழ் பெற்ற சிட்னி ஹில்மன். அங்கே தொழிலாளர்களின் கடன் சங்கத்தை நடத்தும் பொறுப்பு கசானுக்கு வந்தது. ஏழைகளின் சிறு சேமிப்பைக் கட்டிக் காக்கும் பழக்கம் அவருக்கு அங்கே கை வந்தது. கணக்கில் அவர் கறார்ப் பேர்வழி. பின்னால் அவரைக் காப்பாற்றியதும் அந்தக் கறார்தான்.

1926-ல் நியூயார்க் மாநிலத்தில் ஆல் ஸ்மித் கவர்னராக இருந்தார். அந்த ஆண்டு ஒரு வீட்டு வசதிச் சட்டம் வந்தது. வீடு கட்டும் கம்பெனி தன் லாபத்தை 6 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். வாடகைக்கும் உச்ச வரம்பு உண்டு. அதற்குச் சம்மதித்தால் வரிச் சலுகை கிடைக்கும். லாபம் தேடியவர்களுக்கு அந்தச் சட்டம் கசந்தது. லாபமே வேண்டாம் என்ற கசானுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

303 குடும்பங்கள்

நியூயார்க்கின் வடக்கே பிராங்ஸ் பகுதியில், வான் கார்ட்லண்ட் பூங்காவை ஒட்டி நிலம் வாங்கினார்கள். மெட்ரோபாலிடன் இன்ஷுரன்ஸ் கம்பெனி அடமானக் கடன் கொடுத்தது. முன்பணம் முழுவதையும் கட்ட முடியாத தொழிலாளர்களுக்குக் கடன் கிடைக்க, பார்வர்டு என்ற இத்திஷ் மொழி நாளேடு கை கொடுத்தது.

1927-ம் ஆண்டு நவம்பரில் 303 குடும்பங்களுக்கான வீடுகள் தயாராயின. நிலத்தில் ஏறக்குறையப் பாதியைத் தோட்டத்துக்கும் முற்றத்துக்கும் விட்டிருந்தார்கள். எந்த அறையிலும் ஜன்னல் உண்டு. ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியும். இருட்டறைகளில் பிள்ளை பெற்று வளர்த்த தாய்மார்களுக்கு அது கனவு போல இருந்திருக்கும்.

ஏற்பாடு எப்படி? அறை ஒன்றுக்கு 500 டாலர் பங்குத் தொகை. நான்கு அறை வீடு என்றால் 2,000 டாலர். அதன் பிறகு மாதாமாதம் அறைக்கு 11 டாலர் அளவில் கட்டணம். கட்டிடம் முழுவதும் கூட்டுறவுக் கம்பெனிக்குச் சொந்தம். குடும்பத்துக்குச் சொந்தம் பங்குகளும், அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும்.

நியூயார்க்கில் 1964-ல் வேறு ஒரு சட்டம் வந்தது. காண்டோமினியம் என்ற அந்த முறையில் அவரவர் வீடு அவரவர் பெயரில் தனிச் சொத்து. மாடிப்படி, கூரை, லிப்டு மட்டும் பொது. கசானின் முறையில் அப்படி இல்லை. ஒரே கடன், ஒரே வரி, ஒரே கூரை. ஒருவர் கட்டணம் கட்டாவிட்டால் அந்தப் பாரம் மற்ற எல்லோர் தலையிலும் விழும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் வேலை போனால் அது தன் கவலையும்தான்.

கசான் வகுத்த விதிகளில் இரண்டு முக்கியமானவை.

ஒன்று: குடும்பத்துக்கு ஒரே ஓட்டு. மூன்று அறைக்காரருக்கும் ஒன்று. ஆறு அறைக்காரருக்கும் ஒன்று.

இரண்டு: வீட்டை விட்டுப் போகிறவர் அதை வெளியில் லாபத்துக்கு விற்கக் கூடாது. கட்டிய தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கூட்டுறவிடமே வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும். வரிசையில் அடுத்துக் காத்திருக்கும் தொழிலாளிக்கு அதே விலையில் அது கிடைக்கும்.

மானேஜர் பொறுப்பைக் கசானே ஏற்றார். மாதக் கட்டணத்தில் இருந்துதான் கடனுக்கு வட்டி, அசலில் ஒரு பகுதி, வரி, பாய்லருக்கு எரிபொருள், தண்ணீர், வர்ணம், வேலைக்காரர் சம்பளம் எல்லாம் நடக்க வேண்டும். நாளை வரப் போகும் ரிப்பேருக்கு இன்றே ஒரு தொகையை எடுத்து வைக்க வேண்டும். அங்கத்தினர்கள் சேர்ந்து பாலும் முட்டையும் மொத்தமாக வாங்கினார்கள். நூல் நிலையமும் குழந்தைகள் பள்ளியும் தோன்றின. சில ஆண்டுகளில் வீடுகளின் எண்ணிக்கை இரு மடங்காகியது. 1930-ல் லோயர் ஈஸ்ட் சைடிலேயே, அச்சு யந்திரத் தொழிற்சாலை இருந்த இடத்தில், 230-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. இளமையில் தாம் கண்ட அவலத்துக்கு நடுவிலேயே கசான் கொடி நாட்டிவிட்டார்!

ஒரு டாலரில் போன வீடு

அதற்குள் 1929 வந்தது. பங்கு மார்க்கெட் சரிந்தது. தையற்கூடங்கள் மூடப்பட்டன. வேலை போனவர்கள் மாதக் கட்டணத்துக்கு எங்கே போவார்கள்? சிலர் வீட்டை விட்டுவிட்டுப் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

பிராங்ஸில் அப்போது வேறு சில கூட்டுறவு வீடுகளும் இருந்தன. இத்திஷ் எழுத்தாளர் ஷாலோம் அலைக்கெம் பெயரில் எழுந்த வீடுகள், 1930-களின் தொடக்கத்திலேயே அங்கத்தினர்களின் கையை விட்டுப் போயின. ஹார்லெமில் கறுப்பு இன மக்களுக்காக ராக்பெல்லர் கட்டிய டன்பார் வீடுகளின் கூட்டுறவு 1936-ல் முடிந்தது.

கம்யூனிஸ்டுத் தொழிலாளர்கள் கட்டிய வீடுகளின் கதை இன்னும் உருக்கமானது. கஷ்டப்பட்ட யாரையும் வெளியேற்றுவதில்லை என்று அவர்கள் உறுதியாக நின்றார்கள். நல்ல உள்ளம்தான். ஆனால் கடன்காரனுக்குக் கட்ட வேண்டிய பணம் அந்த உள்ளத்திலிருந்து வரவில்லை. அறைக்கு மாதம் 1 டாலர் உயர்த்தினால் தப்பலாம் என்ற நிலை வந்தது. அங்கத்தினர்கள் மறுத்து ஓட்டுப் போட்டார்கள். 1943-ல் கட்டிடமே கைமாறியது. வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள் மீண்டும் குடித்தனக்காரர்கள் ஆனார்கள்.

அமால்கமேட்டட் வீடுகள் தாக்குப் பிடித்தன. கசானும் அங்கத்தினர்களைத் தெருவில் விட விரும்பியவர் அல்ல. கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குக் கட்டணம் கட்டக் கடன் கொடுக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் கட்டணம் கட்டணம்தான். அது கணக்கில் வந்தாக வேண்டும். இரக்கத்துக்குத் தனி நிதி, கட்டிடத்துக்குத் தனி நிதி. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விழுங்க அவர் விடவில்லை.

ஜனாதிபதி வந்தார்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் நியூயார்க்கில் வீட்டுப் பஞ்சம். கசான் மறுபடியும் கட்டத் தொடங்கினார். கிராண்ட் தெருவில் ஹில்மன் பெயரில் 807 வீடுகள் எழுந்தன. 1951-ல் தொழிற்சங்கங்களும் கூட்டுறவுகளும் சேர்ந்து ஐக்கிய வீட்டு வசதி ஸ்தாபனத்தை அமைத்தன. அதன் தலைவர் கசான்.

1956-ல் கிழக்கு ஆற்றங்கரையில் 1,672 வீடுகள். 1960-ல் சீவார்டு பார்க்கில் 1,728 வீடுகள். 1962-ல் மன்ஹாட்டனின் செல்சி பகுதியில் பென் சவுத் என்ற 2,820 வீடுகள். அந்த ஆண்டு மே 19-ந் தேதி, பென் சவுத் விழாவுக்கு ஜனாதிபதி கென்னடியே வந்தார். 14 வயதில் வந்து இறங்கிய அகதிச் சிறுவனுக்கு இதைவிட வேறு பெருமை ஏது?

ஆனால் இந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நகரத்தின் பெரும் புள்ளியான ராபர்ட் மோசஸின் துணையோடு, பழைய சேரிகளை இடித்துத்தான் இவற்றில் பலவற்றைக் கட்டினார்கள். இடிபட்ட வீடுகளிலிருந்த ஏழைகள் பலரால் புதிய வீட்டின் பங்குத் தொகையைக் கட்ட முடியவில்லை. அவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். புதிய வீடு ஒருவருக்குக் கிடைத்தபோது, பழைய வீடு இன்னொருவருக்குப் போயிற்று. கசான் மீது அன்றே எழுந்த குறை இது; இன்றும் தீரவில்லை.

அதனாலோ என்னவோ, பின்னர் அவர் காலி மைதானங்களை நாடினார். குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா குதிரைப் பந்தய மைதானம் இருந்த இடத்தில் 5,860 வீடுகள் எழுந்தன. 1963-ல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர் ராக்டேல் கிராமம்! 1844-ல் கடை வைத்த தொழிலாளர்களுக்குக் கசான் செலுத்திய காணிக்கை அது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கூரையின் கீழ் குடியேறினார்கள். மின்சாரத்துக்குச் சொந்த நிலையமே அமைத்துக்கொண்டார்கள்.

கூட்டுறவு நகரம்

கடைசியில் அவர் தொட்டது கோ-ஆப் சிட்டி. பிராங்ஸின் சதுப்பு நிலத்தில் பிரீடம்லண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. அது 1964-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 1966-ல் வேலை தொடங்கியது. 35 உயர்ந்த கட்டிடங்கள், 15,372 வீடுகள். ஒரு நகரமே ஒரு கூட்டுறவு! 1968 டிசம்பரில் முதல் குடும்பங்கள் வந்தன.

கட்டிடக் கலைஞர்கள் குறை கூறினார்கள். கட்டிடங்களில் அழகில்லை, எல்லாம் ஒரே அச்சு என்றார்கள். கசான் அழகைப் பார்க்கவில்லை. அறைக்கு என்ன விலை என்று பார்த்தார். அவருக்கு எண்ணிக்கை பெருக வேண்டும். காத்திருப்பவர்களின் வரிசை குறைய வேண்டும்.

303 குடும்பங்களில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். 15 ஆயிரம் குடும்பங்களில்? தங்கள் வீட்டைப் பற்றிய முடிவுகளை வேறு யாரோ எடுப்பதாக அங்கே குடியேறியவர்கள் உணர்ந்தார்கள். நிர்வாகக் குழு ஸ்தாபனத்தின் பிடியில் இருந்தது. கசானும் அவர் தோழர்களும் நல்லவர்களே. ஆனால் தங்களுக்குத் தெரிந்தது குடியிருப்பவர்களுக்குத் தெரியாது என்று எண்ணிவிட்டார்கள். அதற்குள் விலைவாசி ஏறியது. வட்டி ஏறியது. மாதக் கட்டணம் முதலில் சொன்ன கணக்கைத் தாண்டிப் போயிற்று.

பின்னால் வெடித்த புயலைக் கசான் பார்க்கவில்லை. 1971 டிசம்பரில், 82-வது வயதில் அவர் காலமானார்.

யார் வீட்டுக்காரர்?

ஏமாற்றிவிட்டார்கள் என்று குடியிருப்பவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1975-ல் தீர்ப்பு வந்தது. இவர்கள் வாங்கியது லாபம் தேடும் பங்குப் பத்திரம் அல்ல. குடியிருக்க ஒரு வீடு. ஆகவே பங்குப் பத்திரச் சட்டம் இங்கே செல்லாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

அதே ஆண்டு ஜூன் மாதம் கட்டணம் 25 சதவீதம் உயரும் என்ற செய்தி வந்தது. சார்லஸ் ரோசன் என்பவரின் தலைமையில் கட்டண மறுப்புப் போராட்டம் தொடங்கியது. ஐந்தில் நான்கு குடும்பங்கள் அதில் சேர்ந்தன. காசோலைகளை எழுதினார்கள், ஆனால் நிர்வாகத்திடம் தரவில்லை. மாதாமாதம் தாங்களே திரட்டி மறைத்து வைத்தார்கள். 13 மாதங்கள் போராட்டம் நீடித்தது.

1976-ல் வெற்றி. திரட்டிய காசோலைகளை ஒப்படைத்தார்கள். நிர்வாகம் குடியிருப்பவர்கள் கைக்கு வந்தது. கசானின் ஸ்தாபனம் அதன் பிறகு வீடு கட்டவே இல்லை.

கதை அதோடு முடியவில்லை. புதிய குழு பேரேட்டைப் பிரித்தது. கடன் அப்படியே இருந்தது. எரிபொருளின் விலையும் அப்படியே இருந்தது. கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்று போராடி வந்தவர்களே கட்டணத்தை உயர்த்த வேண்டி வந்தது!

அன்றுதான் அவர்கள் உண்மையில் வீட்டுக்காரர்கள் ஆனார்கள் என்று சொல்ல வேண்டும். உயர்வு வேண்டாம் என்பது குடித்தனக்காரரின் நியாயம். கூரை நிற்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் நியாயம். இரண்டு நியாயமும் ஒரே நெஞ்சில் மோதுவதுதான் கூட்டுறவு. கணக்கைக் கசான் நன்றாகக் கற்பித்தார். அந்தக் கணக்குப் புத்தகத்தைக் குடியிருப்பவர் கையில் முன்கூட்டியே கொடுக்கத்தான் கடைசிக் காலத்தில் தவறிவிட்டார்.

மூன்று முறை ஓட்டு

ஆண்டுகள் ஓடின. கசான் கட்டிய இடங்களில் நிலத்தின் விலை விண்ணைத் தொட்டது. சில ஆயிரம் டாலருக்கு வாங்கிய வீட்டைப் பல லட்சத்துக்கு விற்கலாம் என்ற நிலை வந்தது. யாருக்குத்தான் ஆசை வராது?

1990-களின் பிற்பகுதியில் கிராண்ட் தெருக் கூட்டுறவுகள் பழைய விதியைக் கைவிட்டன. மார்க்கெட் விலைக்கு விற்கலாம் என்று அங்கத்தினர்களே முடிவு செய்தார்கள். அந்த வட்டாரத்தில் ஒரு தெருவுக்குக் கசானின் பெயர் இருக்கிறது. அவருடைய விதி அங்கே இல்லை.

பென் சவுத்தில் நடந்தது வேறு. 1986-ல் அங்கே ஓட்டெடுப்பு நடந்தது. 2001-ல் மீண்டும் நடந்தது. 2011-ல் இன்னொரு முறை நடந்தது. மூன்று முறையும் அங்கத்தினர்கள் லாபத்தை வேண்டாம் என்றார்கள். மன்ஹாட்டனின் நடுவில், கையெட்டும் தூரத்தில் இருந்த செல்வத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த தொழிலாளிக்கும் வீடு கிடைக்கட்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். 1927-ல் தொடங்கிய பிராங்ஸ் அமால்கமேட்டட் வீடுகளும் பழைய வழியிலேயே நடக்கின்றன.

கட்டிடத்தைக் காப்பது சுண்ணாம்பும் செங்கல்லும் மட்டும் அல்ல. மாதம் தவறாமல் வரும் கட்டணமும், ஒளிவு மறைவு இல்லாத கணக்கும், கூட்டத்துக்கு வந்து உட்காரும் குடும்பங்களும்தான். வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் கூரை ஒழுகினால் யாரிடம் போய்ச் சொல்வது? தன்னிடமே சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கசான் கண்ட விடை அதுவே.